இழுக்காமல் ஏறும் தோள்

(அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் தூத்துக்குடியில் மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், மருத்துவ மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் திரேஸ்புரத்து அண்ணாச்சிமார் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் துறைமுகத் தோழர்கள். நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்பது மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள். உங்கள் மூன்று தரப்புக்கும் சொந்தமான ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். தோள்மூட்டு நழுவுவது, நழுவினால் அவசர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதுதான் அது.

சர்க்கரை, இருதயம், புற்றுநோய் பற்றியெல்லாம் இந்த ஊரில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். தோளுக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. ஆளைக் கொல்லாத காயம் என்பதால் அதற்கு மரியாதை குறைவு. ஆனால் இந்தக் கரையில் கையை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான் அதிகம். வலை இழுக்கிறவர், உப்பளத்தில் வாருகிறவர், உடன்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர், கப்பல் மேல்தளத்தில் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கண்டெய்னருக்கு இரும்புக் கம்பி பூட்டுகிறவர், இவர்களில் ஒருவருக்குத் தோள் போனால் அந்த வீட்டில் அடுப்புக்கும் அது தெரியும்.

இந்தக் கரையின் முத்துக்குளிப்பு என்றால் மூச்சடக்கியவரைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு பல பாக ஆழத்தில் முத்துப்பாருக்கு இறங்கியவர் வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் படகில் நின்று கயிறு பிடித்தவரை நினைத்துப் பாருங்கள். கல் தரை தொட்டதும் அதை மேலே இழுக்க வேண்டும். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டியதும் சிப்பிக்கூடையை இழுக்க வேண்டும், ஆளையும் இழுக்க வேண்டும். மறுபடி கல், மறுபடி கூடை, மறுபடி ஆள். காலையிலிருந்து மதியம் வரை இதே வேலை. வெள்ளைக்கார அதிகாரிகளில் தர்ஸ்டனும் ஹார்னெலும் இந்தத் தொழிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கயிறு பிடித்தவரின் தோளைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் யாரும் எழுதவில்லை. 1961-க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளி மட்டும் தொடர்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய பேச்சில் உயிர்ப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

முதலில் மூட்டு. மனித உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவது தோள்தான். மருத்துவமனைக்கு வரும் மூட்டு நழுவல்களில் ஏறக்குறைய பாதி தோளுடையது. காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படியில்லை. டீ சாசரின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி, மேற்கை எலும்பின் தலை ஓர் ஆழமில்லாத கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நேரத்திலும் அந்தத் தலையின் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிண்ணத்தைத் தொட்டிருக்கும். மீதியைப் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள உறை, கிண்ணத்தின் விளிம்பில் ஓடும் குருத்து வளையம், நாலு பக்கத்துத் தசைநார்கள். முதுகைச் சொறியவும் வலையை வீசவும் பரணில் கை வைக்கவும் ஒரே மூட்டு உதவ வேண்டுமென்றால் இப்படித்தான் இருக்க முடியும். எல்லாப் பக்கமும் திரும்புகிற சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கிற விலை இது.

கை பக்கவாட்டில் உயர்ந்து பின்னால் திரும்பிய நிலையில் ஓர் இழுப்பு வந்தால் பந்து முன்பக்கமாகக் கிண்ணத்தை விட்டுக் குதிக்கும். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படி முன்பக்கம்தான். பைக் சறுக்கிக் கையை ஊன்றுகிறவர், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், கபடியில் கோட்டைத் தொடக் கையை நீட்டும்போது நாலு பேர் மேலே விழுந்து அமுக்கப்பட்டவர், கயிறு மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ள வின்ச் இழுத்தவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். நிலை எல்லாவற்றிலும் ஒன்றே.

பார்த்தவுடனே தெரியும். நழுவிய தோளுடன் வருகிறவர் படுக்க மாட்டார். நல்ல கையால் கெட்ட கையின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு அந்தப் பக்கமே சாய்ந்து உட்காருவார். தோளின் உருண்டை போய்விடும். முனையில் எலும்பு துருத்தி, அதற்குக் கீழே விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும். அடிபட்ட கையால் எதிர்த் தோளைத் தொட்டுக்கொண்டு முழங்கையை நெஞ்சோடு ஒட்டச் சொன்னால் முடியாது. டியூகாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரால் வழங்கும் சோதனை அது. மாணவர்கள் பரீட்சைக்குப் படிப்பீர்கள். படகில் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை.

இப்போது ஒரு சம்பவம். இரவு ஒன்பது மணிக்கு மேல், விசைப்படகுகள் கரை சேர்ந்த நேரம். இருபத்தெட்டு வயது இருக்கும், கைலியில் உப்புத் தண்ணீர் காயவில்லை, உடம்பில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது. கூட வந்தவர் வயதானவர், தாய்மாமன் முறை. 

"எப்படித் தம்பி ஆச்சு?" என்று கேட்டேன்.

"வலைக்கயிறு கையில சுத்திட்டு டாக்டர். படக்குன்னு ஒரு சத்தம். அதோட கை எனக்கு இல்ல."

மாமா குறுக்கே வந்தார். "நாங்களும் இழுத்துப் பாத்தோம் சார். ரெண்டு பேரு புடிச்சு இழுத்தோம். ஏறமாட்டேங்கு."

நான் அவரைத் திட்டவில்லை. வலியில் துடிக்கிற மருமகனைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அந்த இரண்டு பேரின் பலம்தான் வேலையைக் கெடுத்தது. மூட்டு நழுவியதும் சுற்றியுள்ள தசைகள் வலியால் இறுகிக்கொள்கின்றன. இழுக்க இழுக்க வலி கூடும், வலி கூடக் கூடத் தசை இன்னும் இறுகும். வெளியே நிற்கிற பந்தை வெளியிலேயே பிடித்து வைத்திருப்பது அந்த ஆளின் சொந்தத் தசைதான். அதை எதிர்த்து இழுக்கிறவர், கடலில் உழைத்துத் திரண்ட ஒரு உடம்போடு மல்லுக்கட்டுகிறார். ஜெயித்தாலும் ஏதாவது ஒன்று கிழியும்.

ஆகவே முதல் காரியம் வலிக்கு மருந்து. எக்ஸ்ரே வரட்டும், பெரிய டாக்டர் வரட்டும், அப்புறம் ஊசி போடலாம் என்று வைத்திருப்பது பழைய கேசுவாலிட்டிப் பழக்கம். அது போக வேண்டும். கையைத் தலையணையில் தாங்கலாக வைத்து, வலிமருந்து கொடுத்து, மோதிரம் இருந்தால் கழற்றி, அதன் பிறகு தொட வேண்டும்.

தொடுவதிலும் ஒழுங்கு உண்டு. மணிக்கட்டில் நாடி பார்க்க வேண்டும். விரல்களை விரிக்கச் சொல்ல வேண்டும், கட்டைவிரலை உயர்த்தச் சொல்ல வேண்டும். பிறகு தோளின் வெளிப்பக்கம், போலீஸ்காரர் சட்டையில் பட்டை தைக்கிற இடம், அங்கே பஞ்சால் வருடி "உணர்வு இருக்கா?" என்று கேட்க வேண்டும். அக்குள் நரம்பு என்று ஒன்று, மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. பந்து நழுவும்போது அது நசுங்கலாம், இழுபடலாம். மரத்திருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் திரும்பிவிடும். ஆனால் ஏற்றுவதற்கு முன்பே எழுதாமல் விட்டால், நரம்பு விழுந்தது அடிபட்டபோதா ஆஸ்பத்திரியில் இழுத்தபோதா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. மாணவர்களே, வழக்குகள் பிறக்கிற இடம் இது.

அந்தத் தம்பிக்கு நாடி நன்றாக இருந்தது. வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்திருந்தது. எழுதினேன். எக்ஸ்ரேக்கு அனுப்பினேன்.

எக்ஸ்ரே எதற்கு, பார்த்தாலே தெரிகிறதே என்று கேட்பீர்கள். பந்து நழுவியிருக்கிறதா என்று பார்க்க அல்ல, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மேற்கை எலும்பின் கழுத்து முறிந்திருந்தால் நாம் முறுக்குகிற முறுக்கில் கைதான் திரும்பும், தலை அங்கேயே நிற்கும். வயதானவர்களுக்கு இது சாதாரணம். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்குத் தோள் இறங்கிவிட்டது என்று வீட்டில் யாராவது இழுத்தால், ஒற்றைப் பிரச்சினை இரட்டைப் பிரச்சினை ஆகும். கிழவர்களின் ரத்தக்குழாய் விறைத்திருக்கும், அதுவும் கிழியலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் எக்ஸ்ரே பற்றித்தான். வலிப்பு வந்து எழுந்தவர், கரண்ட் அடித்தவர், இந்த இருவருக்கும் தோள் பின்பக்கமாக நழுவலாம். அபூர்வம்தான், நூற்றில் இரண்டு மூன்று. ஆனால் நேரே எடுத்த ஒற்றை எக்ஸ்ரேயில் அது கிட்டத்தட்டச் சரியாக இருப்பது போலவே தெரியும். உலகம் முழுக்க மருத்துவர்கள் முதல் பார்வையில் தவறவிடுகிற காயம் இது. வலிப்பு நோயாளி கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்று சொன்னால், பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நோயாளிகளும் கேட்கலாம்: "டாக்டர், ரெண்டு படம் எடுத்தாச்சா?" கேட்டால் கோபிக்கிற மருத்துவரைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஏற்றுகிற கலை மிகப் பழையது. எகிப்தில் டெய்ர் எல்-மெதினா என்ற இடத்தில் இபூய் என்ற சிற்பியின் கல்லறை இருக்கிறது, இரண்டாம் ராம்சேஸ் காலத்தது. அதன் சுவரில் ஒரு வேலைத்தளம் வரையப்பட்டிருக்கிறது. தரையில் கிடக்கிற தொழிலாளியின் கையை முழங்கையில் மடக்கி ஒருவர் திருப்பிக்கொண்டிருக்கிறார். தோள் ஏற்றுவதற்கான மிகப் பழைய சித்திரம் என்று அதைச் சொல்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தப் படத்தில் அடிபட்டுக் கிடப்பது அரசனோ படைவீரனோ இல்லை, கட்டட வேலைக்காரர் என்பதை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது!

கிரேக்க ஹிப்போகிரட்டீஸ் அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கச் சொன்னார். ஏணிப்படி, நாற்காலி முதுகு என்று வேறு வழிகளும் அவர் பேரில் உள்ள நூலில் உண்டு. அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கவும் அதே நூல் சொல்கிறது, தழும்பு இறுக்கிப் பிடிக்கும் என்ற கணக்கில். 1870-இல் சுவிட்சர்லாந்தின் கோக்கர் ஒரு முறையை எழுதினார். முழங்கையை மடக்கி, வெளியே திருப்பி, முன்னால் தூக்கி, உள்ளே திருப்புவது. அவர் எழுதியதில் இழுக்கச் சொல்லவே இல்லை. பின்னால் வந்தவர்கள் அதோடு இழுப்பையும் சேர்த்துக்கொண்டு, எலும்பு முறிந்தபோது கோக்கர் மேல் பழி போட்டார்கள். அதே கோக்கருக்குத்தான் 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது, தோளுக்காக இல்லை, தைராய்டு ஆராய்ச்சிக்காக.

நம் கதைக்கு வருவோம். அந்தத் தம்பியின் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரே நானும் உட்கார்ந்தேன். அவர் கை உடம்போடு ஒட்டி, முழங்கை மடங்கி, உள்ளங்கை என் முன்கை மேல் கிடந்தது. அந்தக் கையின் பாரம் மட்டும்தான், நான் இழுக்கவில்லை. இன்னொரு கையால் கழுத்தோரத் தசை, தோள்முனைத் தசை, மேற்கையின் முன்தசை என்று வரிசையாக மெதுவாகப் பிசைந்தேன். பேச்சுக் கொடுத்தேன், எத்தனை கூடை கிடைத்தது, என்ன மீன், விலை என்ன என்று. "தோளைப் பின்னால தள்ளு தம்பி, நெஞ்ச நிமித்து" என்றேன். முதலில் அவர் உடம்பு என்னை நம்பவில்லை. தொட்டாலே இறுகியது. நிறுத்தினேன், காத்திருந்தேன், மறுபடி ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் முன்தசை விரலுக்கடியில் தளர்வது தெரிந்தது. சத்தமே இல்லாமல் தோளின் உருண்டை திரும்பி வந்துவிட்டது. அவரே ஆச்சரியப்பட்டு, "போயிட்டா டாக்டர்?" என்று கேட்டார். மாமாவுக்குத் திருப்தி இல்லை. "நீங்க ஒண்ணுமே செய்யலியே" என்றார்.

ஆஸ்திரேலியாவின் கன்னிங்ஹாம் 2003-இல் எழுதிய முறை அது. எல்லோருக்கும் இது பலிக்காது. பயந்து நடுங்குகிறவர், உட்காரவே முடியாதவர், மிகப் பருமனானவர் இவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை மெல்ல மெல்ல வெளியே திருப்புவது ஒரு முறை. வலித்தால் அங்கேயே நிறுத்திக் காத்திருந்து பிறகு தொடர வேண்டும். பத்து நிமிஷம் ஆகலாம். குப்புறப் படுக்கவைத்துக் கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டில் எடை கட்டுவது ஸ்டிம்சன் 1900-இல் சொன்னது. கையைச் சிறு சிறு அசைவுகளாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் விரிப்பது கிரேக்க மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்டது. எல்லாவற்றையும் இங்கே விளக்கினால் நீங்கள் வீட்டில் போய்ச் செய்து பார்ப்பீர்கள், அதனால் போதும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: தசை விடுகிற வரை காத்திருப்பது. ஒரு முறை இரண்டு தடவை பலிக்காவிட்டால் இன்னும் பலமாக அதையே செய்யாமல் முறையை மாற்றுவது.

மருந்து கொடுத்துத் தூங்கவைத்து ஏற்றுவதும் உண்டு. புரோப்போபால் போன்ற மருந்துகள் ரத்தக்குழாயில் போனால் தசை விட்டுவிடும், நோயாளிக்கு நினைவும் இருக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூச்சு குறையலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், வாந்தி நுரையீரலுக்குப் போகலாம். தோளைப் பார்க்க ஒருவர், மூச்சை மட்டும் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஆக்சிஜன், உறிஞ்சும் கருவி, முகமூடிப் பை எல்லாம் தலைமாட்டில் தயாராக இருக்க வேண்டும். ஒரே மருத்துவர் இரவுப் பணியில் இருக்கிற தாலுகா ஆஸ்பத்திரியில் இதைச் செய்யத் துணிவது தவறு. அங்கே மூட்டுக்குள் லிக்னோகெய்ன் ஊசி போட்டுப் பத்து இருபது நிமிஷம் காத்திருந்து ஏற்றலாம். வலி நன்றாகவே குறையும், ஆள் விழித்திருப்பார், சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம். சின்ன ஆஸ்பத்திரிகளில் இது ஏன் இன்னும் பரவவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஏறியாயிற்று, போகலாமா என்றால், இல்லை. மறுபடி நாடி, மறுபடி அந்தப் பட்டை இடத்தில் உணர்வு, மறுபடி எக்ஸ்ரே. பிறகு கையைத் தாங்கும் ஆர்ம் பவுச். அதை எத்தனை நாள் போடுவது என்பதை வயதுதான் சொல்லும். இளைஞர்களுக்கு இரண்டு மூன்று வாரம். நாற்பது தாண்டியவர்களுக்குச் சீக்கிரமே அசைக்க ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் இறுகிப்போகும். அவர்களில் பலருக்குத் தசைநார் கிழிந்திருக்கும். மூட்டு உள்ளே போய் ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அது வலியால் வந்த சோம்பல் என்று நினைக்காமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இளைஞர்களின் பிரச்சினை வேறு. இருபது வயதுக்குள் ஒரு தடவை நழுவினால் மறுபடி நழுவுகிற வாய்ப்பு மிக அதிகம். கிண்ணத்து விளிம்பின் குருத்து வளையம் பிய்ந்திருக்கும். லண்டனின் பேங்கார்ட் 1923-இல் இதை எழுதினார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று போய், கடைசியில் தூக்கத்தில் புரண்டாலும் நழுவும். கரையில் நழுவினால் ஆஸ்பத்திரி இருக்கிறது. கடலில் நீந்தும்போது நழுவினால்? ஒற்றைக் கையால் நீந்தி வருவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. கடலுக்குப் போகிறவருக்கு இரண்டாம் தடவை நழுவிய உடனே எலும்பு மருத்துவரிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து. விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அறுவை சிகிச்சையை அதன் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கனமான வேலைக்குத் திரும்ப அதையும் தாண்டிச் சில மாதம் ஆகும். ஆனாலும் வருமானம் இல்லாத மாதங்களும் பவுச் போட்ட மாதங்களும் ஒன்றாகவே கழிந்துவிடும்.

கட்டு வைத்தியரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். தென்மாவட்டங்களில் வர்ம ஆசான்கள், எலும்பு வைத்தியர்கள் பரம்பரையாக இருக்கிறார்கள். அவர்களில் கைராசிக்காரர்கள், அதாவது தசையின் மொழி தெரிந்தவர்கள் உண்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து பிசைந்ததைப் பார்த்தால் அவர்களில் சிலர் சிரிப்பார்கள், இதற்கா ஆஸ்திரேலியா போனீர்கள் என்று. எனக்கு அவர்களோடு சண்டை இரண்டு விஷயத்தில் மட்டும். எக்ஸ்ரே இல்லாமல் தொடுவது ஒன்று. முட்டை வெள்ளைக்கருவும் துணியும் மூங்கில் பத்தையும் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, விரல் வீங்கிக் கறுத்தாலும் "அப்படித்தான் இருக்கும்" என்பது மற்றொன்று. ஏறாத தோளை ஏறிவிட்டது என்று நம்பி மூன்று வாரம் கட்டோடு இருந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கையால் ஏற்றுகிற காலம் பெரும்பாலும் கடந்துவிடும். திறந்துதான் சரிசெய்ய வேண்டும், அதன் பலனும் அரைகுறைதான். 

அந்தக் காலத்தில் கட்டு வைத்தியரைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. இந்த ஊரில் மருத்துவக் கல்லூரி வந்தது 2000-இல். அதற்கு முன்னால் பெரிய காரியம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். பஸ்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதை விடத் தெருமுனை வைத்தியர் மேல் என்று ஒருவர் நினைத்தால் அதில் தப்பு காண முடியாது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. விபத்துப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரித்துப் பார்க்கிற ஒழுங்கு வந்தது. நழுவிய தோள் பெரும்பாலும் மஞ்சள், நாடி இல்லாவிட்டால் சிவப்பு. 2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைகளிலும் அரசே ஏற்றது. நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு. பைக்கில் சறுக்கிய தோளுக்கு உண்டு, வின்ச் இழுத்த தோளுக்கு இல்லை. கடலும் இந்த ஊருக்குச் சாலைதானே என்று கேட்க வேண்டியவர்கள் உங்கள் சங்கத் தலைவர்கள். நான் அரசு ஊழியன், இதற்கு மேல் பேசக் கூடாது.

கடைசியாக, சங்குகுளிக்குப் போகிறவர்களுக்கு. இதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

உங்கள் தாத்தா மூச்சடக்கி இறங்கினார். நீங்கள் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டோ சிலிண்டரை மாட்டிக்கொண்டோ இறங்குகிறீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். நெடுநேரம் கீழே இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் அது குமிழாக வெளியே வரும். குமிழ் முதலில் பிடிக்கிற இடங்களில் முக்கியமானது தோள்மூட்டு. மேலே வந்து சில மணி நேரத்துக்குள் தோளில் ஆழமான ஒரு குடைச்சல் தொடங்கும். அடி பட்டிருக்காது. தோளின் உருண்டை அப்படியே இருக்கும். கை அசையும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். "சுளுக்கு" என்று சொல்லித் தடவுவார்கள், கயிறு இழுத்த வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அதே குமிழ் முதுகுத்தண்டைப் பிடித்தால் அன்றிரவே கால் விழும்.

இதற்குத் தடவலும் கிடையாது, இழுப்பும் கிடையாது. படுக்கவைத்து முழு ஆக்சிஜன், நீர்ச்சத்து, அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்புவது, இவைதான் வைத்தியம். மறுபடி கடலுக்குள் இறங்கினால் வலி போகும் என்று சிலர் இறங்குகிறார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. இன்னொரு ஆபத்து மருத்துவர்களுக்கு: தோள் ஏற்றும்போது வலிக்குச் சில இடங்களில் கொடுக்கிற சிரிப்பூட்டும் வாயு இந்த ஆளுக்கு விஷம். அந்த வாயு குமிழுக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும். ஆக, இந்தக் கரையில் தோள் வலி என்று வருகிற எந்த ஆளிடமும் முதல் கேள்வி "இன்னைக்குக் கடல்ல இறங்கினியா, குழாய்க் காத்தா?" என்பதாக இருக்க வேண்டும். கடல் இல்லாத ஊரில் இந்தக் கேள்வி தேவையில்லை. தூத்துக்குடியில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் இதைக் கேட்காமல் தோளைத் தொடக் கூடாது.

படகுக்காரர்களுக்கு நான் கேட்பது சின்ன விஷயங்கள். தோள் நழுவினால் இழுக்காதீர்கள், அக்குளில் காலை வைக்காதீர்கள். கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே துண்டால் உடம்போடு கட்டுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் சோறு கொடுக்காதீர்கள். நடுக்கடலில் நிலைமை மோசமானால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கரையில் 108. சங்குகுளியாட்களே, போலீஸ் கேஸ் ஆகிவிடும், லைசென்ஸ் கேட்பார்கள் என்று பயந்து குழாயில் இறங்கியதை ஆஸ்பத்திரியில் மறைக்கிறீர்கள். எத்தனை பாகம் இறங்கினீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எப்போது மேலே வந்தீர்கள், இந்த மூன்றையும் வாசலில் பார்க்கிற முதல் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.